டீக்காசுக்கு வந்த மாண்பு

கைதாவதற்காக டீக்காசு காத்திருக்க ஆரம்பித்தபோது அவர் மீசை கருகருவென்று இருந்தது. இப்போது அது பஞ்சாய் வெளுத்துவிட்டது. அரசாங்கம் மட்டும் வந்தபாடில்லை.

அவர் பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாது. கைதாக விரும்பும் மனிதர் என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்துவிட்டார். முதலாளிக்கு மட்டும் ஏன் தொப்பை போடுகிறது என்று விளக்கி ஒரு புத்தகம் போட்டார். ஓட்டு வாங்கிக்கொண்டு போனவர் எங்கே போகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்து ஒரு புத்தகம் போட்டார். எல்லாமே சட்டைப்பையில் அடங்கும் அளவு, எல்லாமே ஒரு டீயின் விலை. கடையில் டீ விலை ஏறினால்தான் அவரும் ஏற்றுவார், அதையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் செய்வார். அப்படி வந்த பெயர்தான் டீக்காசு. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் தபால்காரரே முழிப்பார்.

வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, பல்பொடி. ஜெயிலுக்குப் போகும் பை. "அவங்க வந்து நிக்கும்போது துண்டு எங்க, பல்பொடி எங்கன்னு தேடிக்கிட்டிருந்தா மரியாதையா இருக்காது பாரு" என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லியிருந்தார். மனைவியும் சில வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, நல்ல காற்றோட்டமான இடத்தில் ஒரு பை சும்மா தொங்குகிறதே என்று அதில் வெங்காயத்தைப் போட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார். துண்டும் சட்டையும் அடியில் அப்படியே கிடந்தன. புரட்சிக்கு ஒரு குந்தகமும் வரவில்லை. கொஞ்சம் வெங்காய வாசனை வந்தது, அவ்வளவுதான்.

வீட்டின் முன்னறைதான் அச்சுக்கூடம். எழுதுவதும் மிதி மிஷினை மிதிப்பதும் டீக்காசின் வேலை. ஈய எழுத்துகளைக் கோப்பதும், தாளை மடிப்பதும், தைப்பதும், கணவர் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிவதும் மனைவியின் வேலை. "நீங்க கோபப்பட்டா பத்து வரி நீளுது. ஈயம் பத்தாது" என்பார்.

அவர்கள் போட்டதிலேயே அதிகம் ஓடியது 'ஆபீசுக்குப் போகும் முன்' என்ற புத்தகம். அதில் புரட்சியே கிடையாது. ஆபீசில் 'நாளை வா' என்றால் நாளைக்கு எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படியே சொல்பவரின் பெயரையும் கேளுங்கள். 'ஐயா வெளியே போயிருக்கிறார்' என்றால் நாற்காலியில் தொங்கும் கோட்டைக் காட்டி, அது யாருடையது என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள், நிற்பவரைத்தான் சுலபமாகத் துரத்துவார்கள். இப்படியே போகும் அந்தப் புத்தகம். பாவம், டீக்காசுக்கு அதில் பெருமையே இல்லை. இதற்கெல்லாம் யார் கைது செய்வார்கள்? ஆனால் ஜனங்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். அடிக்கடி அச்சடிக்க வேண்டியிருந்ததால், கோத்த எழுத்துகளைப் பிரிக்காமல் பக்கம் பக்கமாக நூலால் கட்டி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார் மனைவி.

தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இருந்த பிரதி, பெட்டிச் சூட்டில் வதங்கி அப்பளம்போல் ஆகியிருந்தது. அதை வைத்துத்தான் தன் வண்டிக்கு அனுமதி வாங்கினார். ஒருநாள் புதுப் பிரதி கேட்டு வந்தார்.

"அண்ணிக்குங்க. அண்ணன் போனதுலேர்ந்து பென்ஷனுக்கு நடையா நடக்கிறாங்க. தினமும் போறாங்க, தினமும் 'நாளைக்கு வாங்க'ங்கிறாங்க. செருப்புதான் தேயுது."

"நாளைக்கு அச்சடிச்சிடறேன், வந்து வாங்கிக்கோ" என்றார் டீக்காசு. நாளைக்கு என்ற வார்த்தை தன் வாயிலிருந்தே வந்ததில் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அந்த நாளைக்குத்தான் வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது.

கோட் போட்ட இருவர் இறங்கினார்கள். "நீங்கதானே 'ஆபீசுக்குப் போகும் முன்' எழுதினவர்? எங்ககூட வரணும்."

டீக்காசு சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். ஆயுசெல்லாம் காத்திருந்த வாக்கியம் அல்லவா! "இந்தாம்மா, நான் போறேன். கலங்காதே" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஆணியிலிருந்து பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்த தலையோடு காரில் ஏறினார்.

"ஏங்க, வெங்காயம்..." என்று மனைவி ஓடி வருவதற்குள் கார் போய்விட்டது.

அவரைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஜெயில் இல்லை. நூல்களுக்கு விருது கொடுக்கும் நூல் மாண்பு மன்றம். தூண் தூணாக ஒரு மாளிகை. படியேறியதும் கையில் வெள்ளை உறை மாட்டிவிட்டார்கள். ஒரு பெரிய கூடத்தில் மன்றத் தலைவர் எழுந்து நின்று கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஏழை எளிய மக்களின் கையில் தவழும் இந்நூல், இவ்வாண்டின் மாண்புறு நூலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதை அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். இங்கே கைதட்டலுக்காக நிறுத்தவும்."

கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"மறுபக்கம் பார்க்கவும்" என்று வாசித்துவிட்டு, தலைவர் மறுபக்கம் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் எது எழுதியிருந்தாலும் வாசிப்பார், அது அவருடைய நேர்மை என்று பக்கத்திலிருந்த மன்றச் செயலாளர் டீக்காசின் காதில் மெல்லச் சொன்னார்.

"நான் கைதாகலையா?" என்று டீக்காசு கேட்டார்.

"சேச்சே. உங்களைக் கௌரவிக்கிறோம்" என்றார் செயலாளர். "பையில என்ன?"

"வெங்காயம்."

"எளிமை" என்று சொல்லி, செயலாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு புத்தகத்தைத் தராசில் வைத்தார்கள். முள் அசையவே இல்லை. எடை பார்க்கும் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "மாண்புக்கு இது பத்தாது. தோல் அட்டை போடணும், பட்டு நாடா வைக்கணும். அப்பவும் குறையும். பின்னால வெத்துப் பக்கம் சேர்த்துக்கலாம்."

"வெத்துப் பக்கம் எதுக்குங்க?"

"போன வருஷம் மாண்பு வாங்கின நூல்ல முழுக்கவே வெத்துப் பக்கம்தான். பைண்டு பண்ணினவர் மறந்துட்டார். இன்னிவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல" என்றார் அதிகாரி, பெருமையாக.

கொஞ்சம் விலை கூடுமே என்று டீக்காசு மென்று விழுங்கினார். செயலாளர் அதிர்ந்துபோனார். "கூடணும்ங்க! மாண்புறு நூலை டீ விலைக்கு வித்தா அது மாண்புக்கு அவமதிப்பு. அதுவும் இனிமே விற்பனைக்கே இல்லை. கண்ணாடிப் பேழைக்குள்ள வைக்கப் போறோம். யார் வேணும்னாலும் வந்து அட்டையைப் பார்க்கலாம்."

மறுநாள் முன்னறையில் மிஷினைச் சுற்றிச் சிவப்பு வெல்வெட் கயிறு கட்டினார்கள். 'மாண்புறு நூல் பிறந்த இடம். தொடாதீர்' என்று பலகை மாட்டி ஒரு காவலரையும் நிறுத்தினார்கள். மனைவி உட்கார்ந்து எழுத்துக் கோக்கும் முக்காலியும் கயிற்றுக்குள் போய்விட்டது. அலமாரியும் போய்விட்டது. சமையலறைக்கு வழி அந்தப் பக்கமாகத்தான். கரண்டி எடுக்கப் போனாலும் காவலரிடம் பார்வையாளர் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று.

"உங்களுக்கு மாண்பு வந்தா எனக்கு அடுப்பு போகணுமா?" என்று மனைவி கேட்டார். டீக்காசு போய் அவருக்கு ஒரு சீட்டு வாங்கி வந்தார்.

அடுத்தபடியாக, ஊரில் இருந்த பிரதிகளைப் பாதுகாக்கக் கிளம்பியது மன்றம். பாதுகாப்பது என்றால் பிடுங்குவது. வெள்ளைக் கையுறை போட்ட மன்றத்து ஆட்கள் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் போய் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைவிட்டார்கள். இஸ்திரிக்காரரின் பிரதியைக் கிடுக்கியால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார் ஓர் அதிகாரி.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"படிச்சேங்க."

"எவ்வளவு?"

"முழுசும்தான்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். 'சேதம்: படிக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, இனிமேல் படித்ததை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று இஸ்திரிக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் இஸ்திரிக்காரர் அண்ணியையும் அழைத்துக்கொண்டு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். அண்ணி மிஷினையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்லீங்களா? பழசு, கிழிசல் எதுவானாலும் பரவாயில்லை" என்றார். டீக்காசு கையை விரித்தார். அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டுத் தேய்ந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.  தான் பெருமையே படாத அந்தக் குட்டிப் புத்தகம்தான் தான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று டீக்காசுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாண்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து மன்றத்துக்குப் போனார். புத்தகம் சொன்னபடியே எல்லாம் செய்தார். நிற்காமல் உட்கார்ந்தார். நாளை வா என்று சொல்லட்டும், கேட்டுவிடுவோம் கேள்வியை என்று தயாராக இருந்தார்.

யாரும் நாளை வா என்று சொல்லவில்லை. "வாங்க வாங்க, இன்னிக்கே முடிச்சிடலாம்" என்று செயலாளர் டீ வரவழைத்தார். நாற்காலியில் கோட் தொங்கவில்லை, செயலாளரே அதைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டதும் முகவரிச் சீட்டு இரண்டாக எடுத்துக் கொடுத்தார். துரத்தும் ஆபீசுக்குத்தான் டீக்காசு வழி எழுதியிருந்தார். கட்டிப்பிடிக்கும் ஆபீசுக்கு அவரிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

"எனக்கு இந்த மாண்பு வேண்டாம்" என்றார்.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் எதிர்பார்த்தோம். மாண்பை மறுக்கிறவருக்குப் பணிவு மாண்புன்னு தனியா ஒண்ணு இருக்கு. அதையும் கொடுத்துடறோம்."

"அதுவும் வேண்டாம்ங்க!"

"அப்ப பெரும்பணிவு மாண்பு" என்றார் செயலாளர்.

மூன்று மாண்போடு வீடு திரும்பிய டீக்காசைப் பார்த்து மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு வந்தீங்கன்னா அப்புறம் படுக்கவும் சீட்டு வாங்கணும். போதும், நீங்க பேசாம இருங்க."

அந்த வாரமே செயலாளர் வீடு தேடி வந்தார். மாண்பு விழாவில் தலைவர் வாசிக்கும் உரையை, மாண்பு பெறுபவரே தன் செலவில் அச்சடித்துத் தட்டில் வைத்து நீட்ட வேண்டுமாம். அது மன்றத்தின் மரபு. அதற்காகக் கயிற்றை ஒருநாள் மட்டும் அவிழ்த்துவிடுவார்களாம். அவர் நீட்டிய கையெழுத்துப் பிரதியில் முதலில் நாலு வரி, கடைசியில் நாலு வரி. நடுவில் வெறும் வெள்ளை.

"நடுவுல என்னங்க போடறது?" என்று மனைவி கேட்டார்.

"உரை எடையில குறையக் கூடாதும்மா. நடுவுல எதையாவது போட்டு நிரப்பிக்கோங்க. போன தடவை அச்சடிச்சவர் ரயில் கால அட்டவணையைப் போட்டார், நல்லா இருந்துச்சு. தலைவர் வேலை வாசிக்கிறது. கேக்கிறது யாரோட வேலையும் இல்லை."

"அச்சடிச்சதை யாராவது சரிபார்ப்பாங்களா?"

"நிச்சயமா. ஓரத்துல எவ்வளவு இடம் விட்டிருக்குன்னு மூணு பேர் பார்ப்பாங்க."

கயிறு அவிழ்ந்த நாளில் மனைவி நேராகப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். முதல் நாலு வரியையும் கடைசி நாலு வரியையும் கோத்தார். பிறகு குனிந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து நூலால் கட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் அடுக்கினார்.

 சிங்கம்போல் ஜெயிலுக்குக் கிளம்பிய மனிதர் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ் போட்டார். "இந்தாம்மா, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"எதையாவது போட்டு நிரப்பச் சொன்னார். நிரப்பறேன். புதுசாக் கோக்க எனக்குப் பொழுதுமில்ல, ஈயமுமில்ல. நீங்க மிதிங்க."

மிதித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இங்கே கைதட்டலுக்காக நிறுத்தவும்' என்று ஒரு வரியை மனைவி மறக்காமல் சேர்த்திருந்தார். ஓரத்தை அளந்து பார்த்த மூவரும் பிரமாதம் என்றார்கள்.

விழா மண்டபத்தின் முன்வரிசைகளில் அறிஞர்கள் உட்கார்ந்து, பழக்கப்பட்டவர்களாதலால் உடனே தூங்கிப்போனார்கள். பின்வரிசைகளை நிரப்ப மன்றம் லாரி வைத்துச் சந்தையிலிருந்து ஆள் பிடித்து வந்திருந்தது. அதில் இஸ்திரிக்காரரும் அண்ணியும் இருந்தார்கள். டீக்காசு உரையைத் தட்டில் வைத்து நீட்டினார்.

தலைவர் உரையை எடுத்தார். முதல் நாலு வரியில் வழக்கம்போல் பெருமகிழ்ச்சி அடைந்தார். பிறகு அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

"ஆபீசில் நாளை வா என்றால், நாளைக்கு எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சொல்பவரின் பெயரையும் கேளுங்கள். அவர் முதலில் கோபப்படுவார். பிறகு பயப்படுவார். இங்கே கைதட்டலுக்காக நிறுத்தவும்."

 பின்வரிசையில் எழுந்தது பாருங்கள் கைதட்டல், முன்வரிசை அறிஞர்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, என்ன ஏது என்று தெரியாமல் அவர்களும் தட்டினார்கள். செயலாளர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆனால் தலைவர் உரையின் நடுவில் குறுக்கிடக் கூடாது, அதுவும் மரபு.

தலைவர் விடாமல் வாசித்தார். கோட்டைக் காட்டிக் கேட்கச் சொன்னார். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றால் எந்த மாடி என்று கேட்கச் சொன்னார். அண்ணி வாயை அசைத்து அசைத்து ஒவ்வொன்றையும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்காசு அதைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

உரை முடிந்ததும் ஜனங்கள் தலைவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாகத் தலைவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து மனிதர்களைப் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. "என் உரை வீடுதோறும் போகணும். மலிவா அச்சடிங்க. ஒரு டீ விலைக்குக் கொடுங்க" என்று உத்தரவு போட்டார்.

மலிவாக யார் அடித்துத் தருவார்கள் என்று ஊரெல்லாம் டெண்டர் கேட்டார்கள். எல்லாரையும்விடக் குறைவாகக் கேட்டவர் டீக்காசுதான். குறைவாகப் போடுவதைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும்? கயிறும் பலகையும் போயின. காவலர் போனார். மிஷின் மூச்சு விடாமல் ஓடியது. அட்டையில் தலைவரின் படம், மேலே 'தலைவர் உரை'. டீக்காசின் பெயர் எங்கேயும் இல்லை. கொஞ்ச நாள் அவருக்கு அது முள்ளாய்க் குத்தியது.

"படிக்கிறாங்களா?" என்று மனைவி கேட்டார்.

"அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டுப் படிக்கிறாங்க."

"அப்புறம் என்ன? மடிங்க."

அண்ணி ஆபீசுக்குப் போய், பதில் வரும்வரை உட்கார்ந்து, பென்ஷனை வாங்கிவிட்டார். முதல் பென்ஷனில் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு காட்டவும் வந்தார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மன்றத்தில் சட்டப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் வேலை வேண்டாமா? கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் மாண்புறு நூலும் தலைவர் உரையும் வரிக்கு வரி ஒன்றாக இருப்பதை அது கண்டுபிடித்தது. ஆக, எவனோ திருடியிருக்கிறான். தலைவர் திருடியிருக்க முடியாது. எனவே தலைவர் பேசப்போவதைப் பல வருஷங்களுக்கு முன்பே திருடி அச்சடித்த குற்றத்துக்காக டீக்காசைக் கைது செய்யப் போலீஸ் வந்தது.

"நிஜமாவா? கைதா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஆணியிலிருந்து பையை எடுத்தார். இந்தத் தடவை மனைவி வாசலுக்கு ஓடி வரவில்லை. கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, நிதானமாகப் பின்னால் நடந்தார்.

லாக்கப்பில் சிமெண்டுத் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார் டீக்காசு. வெங்காயம் பிடரியில் உறுத்தியது. பரம சுகமாக இருந்தது. அப்போது வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"அவரை எப்ப விடுவீங்க?"

"நாளைக்கு வாங்கம்மா" என்றார் ஏட்டையா.

மனைவி வாய் திறக்கக்கூட இல்லை. பெஞ்சில் தங்கள் தங்கள் வேலையாகக் காத்திருந்தவர்கள், கூட வந்திருந்த இஸ்திரிக்காரர், அண்ணி, எல்லாரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். எழுந்த குரல் ஒன்றாக எழுந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க? யாரைப் பார்க்கணும்? உங்க பேர் என்ன?"

ஏட்டையா உள்ளே திரும்பிப் பார்த்தார். "ஐயா வெளியே போயிருக்கார்" என்று இழுத்தார்.

"நாற்காலியில தொப்பி இருக்கே, அது யாரோடது?" என்று கேட்டார் அண்ணி.

உள்ளே அலமாரிக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். அவர் சட்டைப்பையிலும் அட்டை கிழிந்த ஒரு குட்டிப் புத்தகம் எட்டிப் பார்த்தது. பிரமோஷனுக்காக அவரும் ஏதோ ஓர் ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். புத்தகத்தில் அடுத்து என்ன வரும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பெருமூச்சு விட்டுவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கதவு திறந்தது. டீக்காசு எழுந்திருக்கவில்லை. பையைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"இந்தாம்மா, எத்தனை வருஷமாக் காத்திருந்தேன். ஒரே ஒரு ராத்திரி இருந்துட்டு வந்துடறேனே."

"பையை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் மனைவி. "குழம்பு பாதியில நிக்குது. வீட்ல ஒரு வெங்காயம்கூட இல்லை."